கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானலில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. மே மாதம் வெயிலுக்குப் பயந்தும் ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவுக்காகவும் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கங்களிலிருந்து யாராவது மலையேறி வந்துகொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வருபவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள். மீதிப் பேர் பெண் கொடுத்தும் எடுத்தும் உறவான இந்துக் குடும்பத்தினரும் நண்பர்களும். எல்லோரையும் சலேத் மாதா கோயிலுக்கு அழைத்துச் சென்று பழகியதில், கேள்விகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதைக் கண்டேன். அவற்றையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கொடைக்கானலில் பார்க்க எத்தனையோ இடங்கள் இருக்க, ஒரு கோயிலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

குறைந்தது ஒன்றரை மணி நேரம். வாடகை வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் பட்டியலில் தூண் பாறை, குணா குகை, பைன் மரக்காடு, கோக்கர்ஸ் வாக் ஆகியவற்றுக்கு நடுவே கோயிலுக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் பார்ப்பது ஒரு கட்டடத்தின் முகப்பையும் உங்கள் முகத்தையும் ஒரே படத்தில்தான். அதற்காக மலையேற வேண்டியதில்லை.

உள்ளே போனவுடன் எதையும் பார்க்காமல் முதலில் உட்காருங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. வெளிச்சத்திலிருந்து வந்த கண் பழைய கோயில்களின் மங்கலுக்குப் பழகச் சிறிது நேரம் வேண்டும். அதைவிட முக்கியமானது, உங்களுக்கு முன்பே அங்கே ஒருவர் ஏதோ ஒரு மூலையில் முழந்தாளிட்டிருப்பார் என்பது. அவர் ஒரு வேண்டுதலோடு வந்தவர்; நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அந்த வேறுபாடு மனத்தில் பட்டுவிட்டால், செருப்பு, கைப்பேசி, குழந்தைகளின் சத்தம் பற்றிக் கீழே எழுதியிருப்பவற்றில் பாதி தேவைப்படாது.

கோயில் எவ்வளவு பழையது? யார் கட்டியது?

1866-ஆம் ஆண்டு, லூயி சேன்-சீர் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு கட்டியது. தம் உயிர் பிழைத்ததற்கு நன்றிக் காணிக்கையாக அவர் இதைச் சலேத் மாதாவுக்கு எழுப்பினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஏரி உருவாகி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கோக்கர்ஸ் வாக் இன்னும் வெட்டப்படவில்லை. கொடை ரோடு நிலையத்துக்கு ரயில் வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. மோட்டார் வண்டி ஏறக்கூடிய மலைப்பாதை வந்ததோ இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான். அதற்கு முன் மேலே வர வேண்டுமானால் பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலோதான் வர வேண்டும். கோயிலுக்குள் இருக்கும் எந்தப் பழைய பொருளைப் பார்த்தாலும், ‘இதை யார் தோளில் சுமந்து ஏற்றியிருப்பார்கள்’ என்று பிள்ளைகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கட்டியவர் பெயர் நிலைத்துவிட்டது. சுமந்தவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை.

‘சலேத்’ என்பது தமிழ்ப் பெயரா? அதற்கு என்ன பொருள்?

தமிழ்ப் பெயர் அன்று; பிரான்சு நாட்டின் தென்கிழக்கே ஆல்ப்ஸ் மலையில், கிரெனோபிள் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் பெயர் லா சலேத். 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், சனிக்கிழமை, அந்த ஊருக்கு மேலே உள்ள புல்வெளியில் பிறருடைய மாடுகளைக் கூலிக்கு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள், பதினான்கு வயது மெலானியும் பதினோரு வயது மாக்சிமினும், ஒளி வட்டத்துக்குள் ஒரு பெண் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, இரு கைகளிலும் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்ததைக் கண்டதாகச் சொன்னார்கள். ஐந்து ஆண்டுகள் விசாரித்த பின்னர், 1851-இல் அந்த மறைமாவட்டத்தின் ஆயர் அதை நம்பத்தக்க காட்சி என்று அறிவித்தார்.

என் வீட்டுக்கு வருபவர்கள் எல்லோருக்கும் பிடித்துப்போகும் ஒரு சிறு செய்தி இந்தக் காட்சியில் உண்டு. அந்தப் பெண் முதலில் பிரெஞ்சு மொழியில்தான் பேசினார். ஞாயிறு ஓய்வை மக்கள் மதிக்காததையும், தம் மகனின் பெயரை வசைச் சொல்லாக்குவதையும் சொல்லி வருந்திவிட்டு, உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றிப் பேச்செடுத்தபோது மெலானிக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் புரியவில்லை. அவர்கள் ஊர் வழக்கில் உருளைக்கிழங்குக்கு வேறு பெயர். விழித்த பிள்ளைகளைப் பார்த்து, ‘புரியவில்லையா, வேறு விதமாகச் சொல்கிறேன்’ என்ற பொருளில் கூறி, அதன்பின் அவர்களுடைய வட்டாரப் பேச்சிலேயே அவர் தொடர்ந்தார் என்று சிறுவர்கள் சாட்சி சொன்னார்கள். அது ஐரோப்பாவெங்கும் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்துக்கொண்டிருந்த காலம். மன்னவனூரிலும் பூம்பாறையிலும் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிழங்கு அழுகிக் கறுத்துப்போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தாயையும் அவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது.

பிரான்சில் காட்சி கொடுத்த மாதாவுக்குப் பழனி மலையில் எப்படிக் கோயில் வந்தது?

மதுரைப் பகுதியில் கிறிஸ்தவ மறையைப் பரப்பிய பழைய மதுரை மிஷன் இயேசு சபையினருடையது. 1773-இல் அந்தச் சபை கலைக்கப்பட்டு, 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. 1838-இல் அவர்கள் திரும்பி வந்தபோது, வந்தவர்கள் பெரும்பாலும் பிரான்சு நாட்டவர்கள். சமவெளியின் வெயிலும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களில் பலரை இளவயதிலேயே கொண்டுபோயின. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சீர்திருத்தச் சபையினர் 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த ஊரை உண்டாக்கியது அழகு அன்று, காய்ச்சல் என்று நான் சொல்வது வழக்கம்.

கத்தோலிக்கக் குருக்களும் உடல் தேற மேலே வந்தார்கள். வந்த இடத்தில் பனியும் புல்வெளியும் மாடு மேய்க்கும் பிள்ளைகளும் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் தம் நாட்டு மலையொன்றில் நடந்ததாக உலகமே பேசிய செய்தி ஒரு பிரெஞ்சுக்காரருக்கு இங்கே நினைவுக்கு வந்திருப்பதில் வியப்பில்லை. இது என் ஊகம். ஆனால் மழை விட்ட காலை நேரத்தில் மேட்டில் நின்று கீழே பார்ப்பவர்களுக்கு இந்த ஊகம் வராமல் போகாது.

வேளாங்கண்ணி மாதாவும் சலேத் மாதாவும் வேறு வேறா?

இல்லை. இயேசுவின் தாயான மரியா ஒருவரே. ஊராலும் காட்சியாலும் பெயர்கள் மாறுகின்றன. இந்தக் கேள்வியைக் கேட்ட என் மைத்துனரிடம், “பழனியில் தண்டாயுதபாணி, திருச்செந்தூரில் செந்திலாண்டவர் என்கிறீர்களே மாமா, முருகன் இரண்டு பேரா?” என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒப்புமை இறையியலுக்கு முழுதும் பொருந்தாது என்று எங்கள் பங்குச் சாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார்; பெயர்களைப் பொறுத்தவரை பொருந்தும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

உருவத்தில் வேறுபாடு உண்டு. சலேத் மாதாவின் சுரூபங்களில் பொதுவாக மார்பில் ஒரு சிலுவை தொங்கும். அதன் இரு பக்கமும் ஒரு சுத்தியும் ஒரு குறடும் இருக்கும். ஆணி அடித்தது சுத்தி. ஆணியைப் பிடுங்குவது குறடு. நம் செயல்கள் இந்த இரண்டில் ஏதோ ஒன்றின் வேலையைச் செய்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். மாதாவின் உருவங்களில் தச்சுப் பட்டறைக் கருவிகளைச் சூடியிருப்பது இது ஒன்றே என்று நினைக்கிறேன். லூர்து மாதாவுக்கு நீல இடைக்கச்சை, வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை, சலேத் மாதாவுக்குச் சுத்தியும் குறடும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எந்தக் கெபியில் (குகை போல அமைத்த மாதா மாடத்தில்) பார்த்தாலும் பெயர் சொல்லிவிடலாம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். உள்ளே வரலாமா? என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

தாராளமாக வரலாம், யாரும் உங்களைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்க மாட்டார்கள். மலையில் இருக்கும் இந்துக் குடும்பங்களில் பலர் நேர்ந்துகொண்டு வருவதையும், மாதா கோயில் என்றாலே அது எல்லோருக்கும் பொது என்று எண்ணுவதையும் நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன்.

கைகூப்புவது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூ வைப்பது, அமைதியாக உட்கார்ந்திருப்பது எல்லாம் உங்களுக்கும் உரியவை. வாசலில் உள்ள தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்து நாங்கள் சிலுவை அடையாளம் இடுவோம். என் சம்பந்தியம்மா முதன்முறை வந்தபோது அந்தத் தீர்த்தத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, மீதியைத் தலையில் தெளித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த என் மகள் திருத்தப் போனாள், நான் தடுத்துவிட்டேன். அதில் திருத்த ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றுதான் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் உரியது: நற்கருணை, அதாவது திருப்பலியில் (பூசையில்) குரு கொடுக்கும் அப்பம். பழைய தலைமுறையினர் அதை ‘நன்மை வாங்குவது’ என்பார்கள். திருப்பலியின் பிற்பகுதியில் எல்லோரும் வரிசையாகப் பீடத்தை நோக்கிப் போவதைப் பார்த்து, பிரசாதம் என்று எண்ணி நண்பர்கள் வரிசையில் சேர்ந்துவிடுவது உண்டு. அது இயேசுவின் திருவுடல் என்று நாங்கள் நம்புவதால், ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கி, ஒரு மணி நேரமாவது ஒன்றும் உண்ணாமல் இருந்து அதை வாங்குவோம். கத்தோலிக்கர்களிலும் எல்லோரும் எழுந்து போவதில்லை என்பதால், நீங்கள் உட்கார்ந்திருப்பது யார் கண்ணுக்கும் தனியாகத் தெரியாது. இதை அழைத்து வருபவர் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும்; வரிசையில் நிற்கும்போது காதோடு சொல்வது இருவருக்கும் சங்கடம்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? முக்காடு போட வேண்டுமா?

வாசலில் செருப்புகள் கிடந்தால் உங்களுடையதையும் கழற்றிவிடுங்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களின் வழக்கம் அது. தரை சில்லென்று இருக்கும் என்பதால் பெரியவர்களுக்குக் காலுறை போட்டு அழைத்து வாருங்கள். முக்காடு கட்டாயமில்லை. பெண்கள் தலையை மூட வேண்டும் என்று 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இருந்த விதி, 1983-இல் வந்த புதிய தொகுப்பில் இல்லை. ஆனாலும் நம் பெண்கள் சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ இழுத்துப் போட்டுக்கொள்வது பழக்கத்தாலும் பக்தியாலும்தான். உடை எதுவாயினும் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். இந்தக் குளிரில் எப்படியும் மூடித்தான் வருவீர்கள்.

உள்ளே எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

பழைய கத்தோலிக்கக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை நடக்கிற ஒரு பாதையாகவே அமைக்கப்பட்டது. ஆகவே பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்து நடுவில் நிற்பவர்களுக்குக் கதையின் பாதிதான் கிடைக்கும். முன்வாசல் வழியாக வாருங்கள். முதலில் தீர்த்தத் தொட்டி; அது ஞானஸ்நானத்தை நினைவூட்டுவது. பிறகு இரு பக்கச் சுவர்களிலும் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகள்; பிலாத்து தீர்ப்பிட்டதிலிருந்து கல்லறையில் அடக்கம் செய்யும் வரை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சபையார் அவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் முன்பும் முழந்தாளிட்டுச் செபிப்பார்கள்.

அடுத்து, முன்புறம் ஒரு சிறிய சிவப்பு விளக்கைத் தேடுங்கள். அது எரிந்தால், அருகில் இருக்கும் நற்கருணைப் பேழையில் நற்கருணை இருக்கிறது என்று பொருள். பெரியவர்கள் அதற்கு நேரே வரும்போது வலது முழங்காலைத் தரையில் பதித்து எழுவார்கள். அவர்கள் வணங்குவது சுரூபத்தை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியன்று. என் பாட்டி எண்பது வயதிலும் இருக்கையின் முனையைப் பிடித்துக்கொண்டு, மூட்டு ‘கடக்’ என்று சத்தமிட, அந்த முழங்காலை மடக்காமல் இடத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த ஓசையைக் கேட்டுத்தான் பாட்டி வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வோம்.

பழைய கோயில்களில் பீடங்கள் இரண்டாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. குரு மக்களோடு சேர்ந்து ஒரே திசையைப் பார்த்து நிற்பார். அதனால் பீடம் பின்சுவரை ஒட்டி, படிகளுடன், மேலே சுரூபங்களுக்கான மாடங்களோடு உயர்ந்து நின்றது. சங்கத்துக்குப் பின் திருப்பலி தாய்மொழிக்கு வந்தது, குரு மக்களை நோக்கித் திரும்பினார், அவருக்கு முன்னால் மேசை போன்ற புதிய பீடம் வந்தது. நீங்கள் போகும் எந்தப் பழைய கோயிலிலும் இந்த இரண்டும் இருக்கின்றனவா, பழையது அகற்றப்பட்டுவிட்டதா, பழையதே முன்னுக்கு நகர்த்தப்பட்டதா என்று பாருங்கள். அறுபதுகளில் அந்த ஊர்ச் சபையார் எதைக் காப்பாற்ற நினைத்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். நம்மில் எழுபது வயதைத் தாண்டியவர் யாராவது உடன் வந்தால் அவரை இந்த இடத்தில் பேசவிடுங்கள். பொருள் தெரியாமலே மனப்பாடம் செய்த இலத்தீன் பதில்களில் ஓரிரண்டு அவருக்கு இன்னும் நினைவிருக்கும்.

பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்கலாமா? படம் எடுக்கலாமா?

பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்கக் கூடாது. கடைசி இருக்கையில் உட்கார்ந்து முழுப் பூசையும் காணலாம். என்னைக் கேட்டால், கோயிலைப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. படத்தைப் பொறுத்தவரை, பூசை இல்லாத நேரத்தில் அங்கிருக்கும் கோயில்பிள்ளையிடம் (கோயில் பணியாளரிடம்) ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஃபிளாஷ் இல்லாமல், செபிக்கிறவர்களின் முகம் விழாமல் எடுங்கள். பீடத்துக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள்.

குழந்தைகள் அலுத்துப்போக மாட்டார்களா?

அலுத்துத்தான் போவார்கள், வேலை கொடுக்காவிட்டால். சிலுவைப் பாதையில் இயேசு எத்தனை முறை கீழே விழுகிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள் (மூன்று, மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் நிலைகளில்). ஆறாம் நிலையில் முகத்தைத் துடைத்த பெண்ணின் கையில் இருக்கும் துணியில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். மாடு மேய்த்த மெலானியும் மாக்சிமினும் அவர்களுடைய வயதினர் என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் ஓடிவிடும்.

வயதானவர்களை அழைத்து வரலாமா?

வரலாம், ஆனால் இந்த ஊரே சரிவும் ஏற்றமும்தான் என்பதை மறக்க வேண்டாம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், சமவெளியில் நன்றாக நடப்பவருக்கும் முதல் நாள் மூச்சு வாங்கும். வந்த அன்றே கோயிலுக்குப் போகாமல், ஓர் இரவு தங்கி மறுநாள் காலை போவது நல்லது. வண்டியைக் கோயிலுக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு அருகில் நிறுத்தி, அவர்களை இறக்கிய பிறகு வண்டியை ஒதுக்குங்கள்.

திருவிழா எப்போது? அப்போது வருவது நல்லதா?

உலகெங்கும் சலேத் மாதாவின் நாள் காட்சி நடந்த செப்டம்பர் 19. கொடைக்கானலில் பெருவிழா ஆகஸ்ட் 14, 15 தேதிகளில், மாதாவின் விண்ணேற்பு விழாவோடு சேர்ந்து வருகிறது. கொடியேற்றம், நவநாள் (ஒன்பது நாள் செபம்), திருப்பலிகள், இரவில் விளக்கலங்காரத்துடன் தேர்ப் பவனி எனத் தமிழ்நாட்டு மாதா திருவிழாவுக்குரிய எல்லாம் உண்டு. தேரின்மீது உப்பும் மிளகும் தூவி நேர்த்திக்கடன் செலுத்தும் வழக்கத்தை இதுவரை பார்க்காதவர்கள் காண வேண்டும். நோய் உப்பைப் போலக் கரைய வேண்டும் என்பது அதன் கருத்து. தேர் நகர்ந்த பிறகு ஈரச் சாலையில் மிளகு காலடியில் நெறிபடுகிற வாசனையும், மெழுகு வாசனையும், மல்லிகையும் கலந்த அந்தக் காற்றை வேறு எங்கும் நான் சுவாசித்ததில்லை.

வருவது நல்லதா என்பது யாரோடு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓர் ஆண்டு ஒன்பது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, 14-ஆம் தேதி மதியம் வத்தலக்குண்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆறு மணிக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்பது என் கணக்கு. மறுநாள் சுதந்திர தின விடுமுறை என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பெருமாள்மலையில் வண்டி நின்றது, நகர்ந்தது, மீண்டும் நின்றது. சர்க்கரை நோயாளியான பெரியப்பாவுக்கு ஒரு கடையில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம். ஊருக்குள் நுழைந்தபோது தேர் புறப்பட்டுவிட்டது. அதைக் கோயில் வாசலில் பார்க்க முடியாமல், ஒரு மூடிய கடையின் படிகளில் நின்று பார்த்தோம். பெரியப்பா அதுவே போதும் என்றார். ஆனால் நான் அன்றிலிருந்து திருவிழாவுக்கு வருபவர்களை 13-ஆம் தேதி மதியத்துக்குள் வந்துவிடச் சொல்கிறேன். கோயிலைக் கட்டடமாகவும் வரலாறாகவும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதத்து வார நாள் ஒன்றே சிறந்தது.

வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். ஆகவே கோடையில் கடைசி நேரத்தில் முடிவெடுக்காதீர்கள். பெரிய குழுவாக வருபவர்கள் நீளமான சொகுசுப் பேருந்தைத் தவிர்த்துவிட்டு இரண்டு சிற்றுந்துகளாக எடுப்பது, வளைவுகளுக்கும் உங்கள் வயிற்றுக்கும் நல்லது.

அதே நாளில் வேறு எதைச் சேர்த்துப் பார்க்கலாம்?

செண்பகனூரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இயேசு சபையினர் 1895-இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும், அதைச் சார்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கின்றன. இந்த மலையின் விலங்குகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் பாடம் செய்து வைத்திருப்பதைக் குழந்தைகள் விட்டு வர மாட்டார்கள். அங்கிருந்த லூயி ஆங்லாட் என்ற குரு பழனி மலைச் செடிகொடிகளை ஓவியமாக்கியவர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் கற்திட்டைகளை (பழங்கால ஈமச் சின்னங்களை) ஆராய்ந்து எழுதியவர். சாமியார்கள் இங்கே வந்து செபம் மட்டும்தான் செய்தார்கள் என்று எண்ணுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து போங்கள்.

கோக்கர்ஸ் வாக் ஓரத்தில் உள்ள புனித பேதுரு ஆலயம் 1884-இல் கட்டப்பட்டது, கண்ணாடி ஓவியங்களுக்குப் பேர்போனது. அது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது, கத்தோலிக்கக் கோயில் அன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சுரூபங்கள், நற்கருணைப் பேழை, சிவப்பு விளக்கு ஆகியவை எதில் இருக்கின்றன, எதில் இல்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். உடன் வரும் இந்து உறவினர்களுக்காக நாங்கள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் அன்றே சேர்த்துக்கொள்வோம். அங்கே போகும்போது அவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வரும் வரை வெளியில் காத்திருந்து, எதிரே தெரியும் பழனியையும் சமவெளியையும் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் முறை.

காணிக்கை எவ்வளவு போட வேண்டும்? வீட்டுக்கு எதையாவது எடுத்துச் செல்லலாமா?

நுழைவுக் கட்டணம் என்று எதுவும் இல்லை. உண்டியலில் உங்கள் மனம்போல் போடலாம். யாருக்காவது பூசை வைக்க விரும்பினால், பங்கு அலுவலகத்தில் பெயரும் கருத்தும் சொன்னால் குறித்துக்கொள்வார்கள். பூசையில் அந்தப் பெயரை வாசிக்கும்போது ஊரில் இருப்பவர் கேட்க முடியாதே என்பதற்காகக் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்காதீர்கள். பிறகு சொன்னால் போதும்.

வீட்டுக்கு எல்லோரும் எடுத்துச் செல்ல விரும்புவது தீர்த்தம். வெளியூரிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கையில் இருக்கும் தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்து அதில் பிடிக்கிறார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு இந்த மலையில் தடை இருப்பதால், அந்தப் புட்டி முதலில் சோதனைச் சாவடியைத் தாண்டி வர வேண்டுமே என்பது ஒன்று. கோயிலில் தீர்த்தம் தொட்டுக்கொள்ள வைத்திருப்பதை அதற்குள் கவிழ்ப்பது முறையன்று என்பது மற்றொன்று. சுத்தமான தண்ணீரைக் கொண்டுவந்து, திருப்பலி முடிந்ததும் குருவிடம் நீட்டினால் மந்திரித்துக் கொடுப்பார். எங்கள் திண்டுக்கல் அத்தை அதற்கென்றே லேபிள் உரித்த ஒரு பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடிப் புட்டியை, வளைவுகளில் உருண்டு உடையாமலிருக்கத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே மலையேறுவார், இறங்கும்போதும் அப்படியே.